தம்பிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

கலிபோர்னியாவில் மொடெஸ்டோ ஊரில் பத்தொன்பது வருடமாக மனநல ஆலோசகராக இருந்தாள் மார்லீன். அறைக்குள் கேட்டதைக் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. தன்னிடம் வருகிறவர்களைக் கடையில் பார்த்தால், அவர்களாகச் சிரிக்கும்வரை தெரியாதவள் போல நடந்துவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம், எப்போதும் குடித்துவிட்டு ஆலோசனைக்கு வரும் டுவைட் குடிக்காமல் வந்திருந்தான். அதுவே அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது. அவன் லாரி மெக்கானிக். மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் தம்பி வெர்ன் தனக்கு எதிராகச் சாட்சி சொன்னதால்தான் அவள் தன் கையைவிட்டுப் போனாள் என்று நான்கு மாதமாகப் புலம்பியவன், அன்று புலம்பவில்லை.

"சனிக்கிழமை காலைல தம்பி பாதாம் தோப்புல தனியாத்தான் இருப்பான். துப்பாக்கி வண்டியிலயே இருக்கு."

"கோபத்துல சொல்றீங்களா டுவைட்?"

"கோபமெல்லாம் தீந்துபோச்சு."

துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். அவன் அசையவில்லை.

"இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா நான் வாய மூடிட்டு இருக்க முடியாது. முதல் நாளே சொல்லியிருக்கேன்."

அவன் எழுந்து போய்விட்டான்.

போலீசைக் கூப்பிட்டுச் சொன்னாள். அங்கே சட்டம் அதோடு விடுவதில்லை. குறிவைக்கப்பட்டவனையும் எச்சரித்தாக வேண்டும். வெர்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, டுவைட் அவனைக் கொல்லத் திட்டமிட்டிருப்பதைச் சொன்னாள்.

"எங்கண்ணனா?" வெர்ன் சிரித்தான். "அவனுக்கு வாய்தாங்க நீளம். எலிப்பொறி வைக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவான்."

"நாளும் இடமும் சொல்லிட்டாரு. சனிக்கிழமை தோப்புக்குப் போகாதீங்க. இப்பவே வீட்டவிட்டுக் கிளம்புங்க."

வெர்னின் சிரிப்பு நின்றது.

"தோப்புன்னா சொன்னான்?" குரல் இறங்கியிருந்தது. "நான் சனிக்கிழமை அங்க போவேன்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

போலீஸ் திரும்பக் கூப்பிட இரண்டரை மணி நேரமானது. அதுவரை மார்லீன் நாற்காலியில் உட்காரவேயில்லை. பெட்ரோல் பங்கில் டுவைட்டைப் பிடித்திருந்தார்கள். துப்பாக்கியில் தோட்டா நிரப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மெலிந்துபோய், அவன் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"தம்பி உயிரோட இருக்கான். நல்லதுதான்," என்றான். "ஆனா நான் மனசத் திறந்தது உங்ககிட்ட மட்டுந்தான்."

"தெரியும் டுவைட்."

"இனிமே முடியாது."

வேறொரு ஆலோசகரின் பெயரை எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவள் கதவின் கைப்பிடியை விடவில்லை.