வெர்னா ஏற்றிக் கட்டிய மாதம்

வெர்னா டட்டில் ரீனோ நகரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற அதே குளிர்காலத்தில் அவள் கணவன் லாயிடும் இறந்துபோனான். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் காலையிலேயே எங்கள் சூதாட்ட விடுதியின் போக்கர் சீட்டாட்ட மேஜைக்கு வந்துவிடுவாள். அங்கே சீட்டுப் போடுவது என் வேலை.

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவேன். பார்த்துவிட்டு எறிந்துவிடலாம், குறைந்தபட்சப் பந்தயமான இரண்டு டாலரை மட்டும் போட்டு உள்ளே நுழையலாம், இல்லையென்றால் ஏற்றிக் கட்டி மற்றவர்களைத் துரத்தலாம். வெர்னா எந்தச் சீட்டு வந்தாலும் நுழைவாள். ஏற்றவும் மாட்டாள், எறியவும் மாட்டாள். மேஜைக்கு அடியில் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

"வெர்னா பஸ்ஸுல எங்க போனாலும் ரெண்டு டாலர்தான், ஏறுங்கப்பா!" என்பார் எதிரில் உட்காரும் ஹாலிஸ். மாட்டுப் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர்.

ஒரு நாள் அவளுக்கு ஜோடி ஏஸ் வந்தது. அதற்கு மேல் சீட்டு கிடையாது. அதற்கும் இரண்டு டாலர்தான் போட்டாள். பின்னாலேயே ஐந்து பேர் நுழைந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் நான் விரித்த மூன்று சீட்டில் ஒரு ஏழும் ஒரு நாலும் இருந்தன. ஹாலிஸ் கையிலும் ஒரு ஏழு, ஒரு நாலு. அவருடைய இரண்டு ஜோடி அவளது ஒற்றை ஜோடியை வென்றுவிட, மொத்தக் குவியலையும் அவர் அள்ளிக்கொண்டார்.

"கதவைத் தொறந்து போட்டா வராம என்ன பண்ணுவேன், தாயி?"

மறுநாள் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "இந்த மாசம் பூரா ஏத்துவேன், இல்ல எறிவேன். சும்மா நுழையறதே கிடையாது."

ஏற்றுவது அவளுக்குச் சுலபமாகவே வந்தது. எறிவதுதான் ஆளைக் கொன்றது. மற்றவர்கள் ஆட, இவள் காகிதக் கைக்குட்டையைக் கிழித்துக் குவிப்பாள். எழுந்து கண்ணாடிக் கதவு வரை நடந்து, மலைமேல் கிடக்கும் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். மறுபடி ஒருமுறை ஜோடி ஏஸ் வந்தது. ஏற்றினாள். மேஜையே சீட்டை எறிந்துவிட்டது.

"ஏன்யா, ஒருத்தனுக்காவது ரோஷம் இல்லையா?" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு காலையில், மேஜைக்கு வேறு யாரும் வருமுன், என்னிடம் சொன்னாள்: "பயந்துதான் ஏத்தலன்னு நெனச்சேன். அது இல்ல. சீட்டை எறிஞ்சா சும்மா உக்காரணும். சும்மா உக்காந்தா வீட்டு நெனப்பு வருது."

சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தேன்.

மாதக் கடைசியில் அவளுக்கு ஜோடி நாலு வந்தது. அவளுக்கு முன் ஹாலிஸோடு மூன்று பேர் இரண்டு டாலர் போட்டு நுழைந்திருந்தார்கள். ஏற்றுவதற்காகப் பந்தய டோக்கன்களை அள்ளியவள் அப்படியே நிறுத்தினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என்ன, பஸ் நடுரோட்டுல நின்னுபோச்சா?" என்றார் ஹாலிஸ்.

இரண்டு டாலரை மட்டும் வைத்தாள். அவர் கைதட்டினார்.

நான் ராஜா, ஒன்பது, நாலு என்று விரித்தேன். ஹாலிஸிடம் ராஜாவும் ஒன்பதும் இருந்தன. தன்னிடம் இருந்ததையெல்லாம் அவர் பந்தயத்துக்குத் தள்ளினார்; இவளும் தள்ளினாள்; மற்ற இருவரும் சீட்டை எறிந்துவிட்டார்கள். மேலும் இரண்டு சீட்டு விழுந்தும் அவருக்கு எதுவும் சேரவில்லை. தன் இரண்டு ஜோடியை வெல்லும் அவளது மூன்று நாலைக் கண்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"நுழைய மாட்டேன்னு சபதம் போட்டியே!"

"மூணு பேரும் ஏற்கெனவே உள்ள வந்துட்டீங்க. ஏத்தினாலும் ஓட மாட்டீங்க. என்கிட்ட இருந்தது பொடி நாலு. மலிவா ஒரு பார்வை பாத்துக்கலாம்னு போனேன்." டோக்கன்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "முன்னல்லாம் உக்கார முடியாம நுழைஞ்சேன்யா. இன்னைக்கு யோசிச்சு நுழைஞ்சேன்."

வசந்தத்தில், லீவு போடும் ஓட்டுநர்களுக்குப் பதிலாக பஸ் ஓட்டப் பழைய பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். ஒத்துக்கொண்டாள். இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறாள். மற்ற நாட்களில் ஹாலிஸ் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, ஆட்டமே சப்பென்று இருக்கிறது என்று என்னிடம் குறைப்படுகிறார்.