நிப்பாட்டக் கூடாத இரைச்சல்

சுனாமிக்கு அடுத்த வருடம், உப்புநீரில் ஊறிக்கிடந்த என் பழைய காரின் இன்ஜினுக்குள் புதுக் கேம்சாஃப்டும், அதோடு உரசி ஓடும் டப்பட்டுகளும் போட்டேன். முதன்முதல் ஸ்டார்ட் ஆனதும் இருபது நிமிடமாவது வேகமாக ஓடவிட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றோடொன்று பழகும். மெதுவாக ஓடவிட்டால் தேய்ந்துபோகும். சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எக்சிலேட்டரை மிதித்தேன், வீட்டு முன் ஒழுங்கை முழுதும் அதிர்ந்தது.

அடுத்த வளவு வீட்டு அக்கா, திரும்பக் கடல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடவென்று அடையாள அட்டைகள் போட்டுவைத்திருக்கும் பையோடு ஓடிவந்தார்.

"தம்பி, கடல் திரும்ப வருகுதா?"

"இல்ல அக்கா, என்ட கார்," என்று கத்தினேன்.

"அப்ப நிப்பாட்டு."

"இப்ப ஏலா. நிப்பாட்டினாப் பழுதாகிப்போகும்."

ஏசிக்கொண்டே நின்றார். இருபது நிமிடம் முடிந்ததும் எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். தட்டுச் சத்தமே இல்லாமல் இன்ஜின் ஓடியது. அக்கா கதவைத் திறந்து, பையோடு ஏறி உட்கார்ந்தார்.

"இனிக் கடல் வந்தா இதிலதான் ஓடுவம்."