வீடியோவுல பேசுன தம்பி

இன்னிக்குக் காலைல கடை திறந்ததும் சங்ககிரியில இருந்து வயசான தம்பதி வந்தாங்க. சேலையைப் பார்க்கறதுக்கு முன்னாடியே அந்தப் பெரியவர் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, வீடியோவுல பேசுன தம்பி இல்லீங்களா?"

எங்க அம்மாபேட்டை கடையில நான் மட்டும்தான். என் வீட்டுக்காரர் போன வருஷமே தவறிட்டார்.

பெரியவர் போனை நீட்டினார்.

ரீல்ஸ் போடற ஒரு பொண்ணுகிட்ட கடை விளம்பரத்துக்குச் சொல்லியிருந்தேன். "குடும்பக் கடைன்னு தெரியணும்க்கா"ன்னு அவ கேட்டதால என் வீட்டுக்காரரோட போட்டோவும் பழைய வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தேன்.

வீடியோவுல அவர் கல்லாவுல உட்கார்ந்திருக்கார். "வாங்க சாமி, புது டிசைனுங்க"ன்னு, நான் போன வாரம் எடுத்துட்டு வந்த சேலையைப் பிரிச்சுக் காட்டறார். குரல் அவரேதான். கண்ணு மட்டும் இமைக்கவே இல்லை.

"வெளிய போயிருக்காருங்க"ன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

ரெண்டு சேலை எடுத்தாங்க. "தம்பி வந்தா கேட்டதாச் சொல்லுங்க"ன்னுட்டுக் கிளம்பினாங்க.

உடனே அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணினேன்.

"ஏஐல பண்ணுனது அக்கா. சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல. பிடிக்கலீங்களா?"

"அந்த வீடியோவை இப்பவே தூக்கிரு சாமி"ன்னேன். தூக்கிட்டா.

கொஞ்ச நேரத்துல மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டா. கீழேயே இன்னொண்ணு வந்துச்சு: "அக்கா, உங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு பண்ணித் தரட்டுங்களா? அண்ணன் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடற மாதிரி?"

"வேண்டாம்"னு டைப் பண்ணிட்டேன். விரல்தான் அனுப்ப மாட்டேங்குது.

நீங்களா இருந்தா என்னங்க பதில் போடுவீங்க?