நான் பேசிய மூன்று நிமிடம்

முப்பது வருடம் பள்ளிக்கூட விழாக்களில் வரவேற்புரை சொன்னவள் நான். அந்தப் பழக்கம்தான் எங்கள் ஊரைக் கவிழ்த்தது.

காரைக்குடி வட்டார வளர்ச்சித் திட்டம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கல்யாண மண்டபம் ஒன்றில் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். மானகிரிப் பக்கம் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அதில் காணோம். அந்த இடத்தில் புறவழிச் சாலை ஓடியது. வரத்துக்கால் அடைபட்டால் கண்மாய் நிரம்பாது. கண்மாயை நம்பிய வயல்கள் கருவேலங்காடாகிவிடும். என் வயலும்தான். இதைச் சொல்லத்தான் நாற்பது பேர் போனோம்.

பக்கத்து வயல்காரர், எனக்கு அண்ணன் முறை, "டீச்சர், நீங்களே பேசுங்க. நாங்க பேசுனா கோவத்துல கண்டதையும் சொல்லிப்புடுவோம், காரியம் கெட்டுரும்" என்றார். மற்றவர்களும் வாய் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பாவிகள், சொன்னபடியே இருந்தார்கள்.

ஆளுக்கு மூன்று நிமிடம். மைக்கைப் பிடித்ததும் என் நாக்கு பழகிய வழியிலேயே போனது. மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னேன். மக்களைக் கலந்து செய்வதற்கு நன்றி சொன்னேன். பின்தங்கிய நம் பகுதிக்கு வரும் இந்தத் திட்டத்தை ஊர் சார்பில் மனமார வரவேற்பதாகச் சொன்னேன். எடுத்த எடுப்பில் முகத்தில் அடித்தாற்போலப் பேசக் கூடாதே! "ஆனால், எங்கள் வரத்துக்கால்..." என்று ஆரம்பித்தபோது மணி அடித்துவிட்டார்கள். மீதியை எழுதிக் கொடுக்கச் சொன்னார் அதிகாரி. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்துக் கூட்டக் குறிப்பின் நகலை வாங்கினேன். 'ஊர் சார்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் திட்டத்தை மனமார வரவேற்றார். வேறு எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.' எங்கள் ஊரைப் பற்றி அவ்வளவுதான் இருந்தது. எழுதிக் கொடுத்த தாளைப் பற்றிக் கேட்டால், "அங்குட்டுப் போயி கேளுங்க" என்றார்கள். அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்பினார்கள். ஆட்சேபம் சொல்லும் கெடு முடிந்துவிட்டது என்பதை மட்டும் எல்லா மேசையிலும் தெளிவாகச் சொன்னார்கள். நகலை நான் ஊரில் யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இந்த வருடம் ஐப்பசி மழைக்குக் குறைவில்லை. ஆனால் சாலைக்குக் கொட்டிய கிராவல் மண்ணுக்கு அந்தப் பக்கமே தண்ணீர் நின்றுவிட்டது. கண்மாய் வறண்டு கிடந்தது. மார்கழியில் மழை ஓய்ந்ததும், பால் பிடிக்கிற நேரத்தில் நெற்பயிர் கருகியது.

அண்ணன் தன் வயலில் மாடுகளை இறக்கி மேயவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டு வரப்புக்கு வந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நீங்க நல்லாத்தான் பேசுனீக டீச்சர். அவுகதான் காதுல வாங்கல. அடுத்த கூட்டம் போட்டாலும் நீங்கதான் பேசணும்."

காதில் வாங்கியதைத்தான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரிண்ணே" என்றேன்.