குண்டுக்கு மேல் அடுக்கிய பூட்ஸ்

ஆண்களில் பாதிப்பேர் படைக்குப் போன பிறகு, எங்கள் துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கூட்டத்துக்கு அவள்தான் மேஸ்திரி. நேரில் அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர். அதை இங்கே எழுதினால் இப்போதும் உதைப்பாள். நான் கிரேன் ஓட்டியவன். அவள் கை அசைவை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு பாரம் இறக்குவேன்.

அக்கரையில் ஒரு மலையை எங்கள் படை பிடித்து வைத்திருந்தது. அதன் அடிவாரத்தில்தான் அந்தப் பக்கத்துத் துறைமுகம். மலை போனால் துறைமுகமும் போகும், பிறகு எங்கள் கப்பல்களுக்கு நிற்க இடமில்லை. கப்பல் போகாவிட்டாலோ மலையில் பீரங்கிக்குக் குண்டில்லை. தரைச் சண்டையும் கடல் சண்டையும் ஒன்றின் கழுத்தை ஒன்று கட்டிக்கொண்டு தொங்கின. அந்த மலையில்தான் அக்காவின் ஒரே மகன் இருந்தான்.

அன்று மதியம் கப்பலின் சரக்கறைக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின ஷிப்டுக்காரர்கள் குண்டுப் பெட்டிகளை அடியிலும், பூட்ஸையும் கம்பளியையும் மேலேயும் அடுக்கியிருந்தார்கள். கனம் கீழே, லேசு மேலே என்பது வேலைக்கு வந்த முதல் நாளே மண்டையில் ஏறும் பாடம். அமைதிக் காலத்தில் அது சரி. போர்ச் சரக்கில் முதலில் வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். அக்கரையில் எதிரி சுடச் சுடத்தான் சரக்கை இறக்க வேண்டும். பூட்ஸை இறக்கி முடிப்பதற்குள் கப்பலே இருக்காது.

பிரித்து அடுக்க நேரமில்லை. பொழுது சாய்ந்ததும் காவல் கப்பல்கள் கிளம்பிவிடும். அவற்றை விட்டுவிட்டுத் தனியாகப் போன ஒரு கப்பலை நீர்மூழ்கிகள் முழுங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கேப்டன் தலையில் கை வைத்தார். மேலே இருப்பதை இறக்கிக் கரையிலேயே போட்டுவிடலாம் என்றாள் அக்கா. மலையில் பனி கொட்டுகிறதே, பூட்ஸ் இல்லாமல் என்ன செய்வார்கள் என்று கேட்டது நான்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"குளிரு மெதுவாக் கொல்லும்டா. குண்டு இல்லன்னா நாளைக்கே முடிஞ்சுது. இறக்கு."

இறக்கினேன். கட்டுக்கட்டாகப் பூட்ஸ் கரையில் குவிந்தது. காவல் கப்பல்களின் சங்கு ஊதியபோது இன்னும் பாதிக் கம்பளி உள்ளே கிடந்தது. கடைசிக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போதே கப்பலின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவள் முகத்தில் ஒரு சலனமில்லை. பெற்ற மனம் பித்து என்பார்களே, இவளுக்கு அதுவும் கல்லா என்று கோபம்கூட வந்தது.

மலை விழவில்லை. போரே அங்கேதான் திரும்பியது என்று பிற்பாடு ரேடியோவில் சொன்னார்கள்.

மகன் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தான். இரண்டு பாதத்திலும் விரல்களைப் பனி தின்றிருந்தது. நான் பார்க்கப் போனபோது, அக்கா அவன் காலை மடியில் வைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"பூட்ஸ ஏத்தாம விட்டவன் எவன்னு மட்டும் தெரியட்டும்மா" என்றான்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான்டா" என்றாள் அவள்.

காலை இழுத்துக்கொள்வான் என்று பயந்தேன். அவன் அசையவே இல்லை. "குண்டு சரியான நேரத்துக்கு வந்துச்சே, அதுவும் நீதானா?" என்று கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள். துணியைச் சுற்றிக்கொண்டே அழுதாள்.

"சரிம்மா" என்று அவன் மற்றக் காலையும் அவள் மடியில் வைத்தான்.