மெட்டில்டா ஓடிய நான்கு விநாடி

கெந்தஹேன தோட்டத்து மெட்டில்டா தன் வாழ்நாளில் மூன்று முறை வீட்டைவிட்டு ஓடியவள். முதல் இரண்டு முறை உயிருக்குப் பயந்து. மூன்றாவது முறை கமராவுக்கு முன்னால். நாடு பார்த்தது மூன்றாவதை மட்டும்தான்.

குருவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வரும் றப்பர் தோட்டம் அது. மெட்டில்டா பால்வெட்டுக்காரி. விடியும்போது கத்தியும் வாளியுமாக மலைக்குப் போய், மரம் மரமாகக் கீறி, சிரட்டையில் வடிந்த பாலை மத்தியானத்துக்குள் சேர்த்துக்கொண்டு இறங்குவாள். புருஷன் பவுலுக்கு றப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூட்டில் வேலை. அவர் அதிகம் பேசமாட்டார். வீட்டுக்கு வேண்டிய பேச்சை மெட்டில்டாவே பேசி முடித்துவிடுவதால் அது ஒரு குறையாக யாருக்கும் தெரியவில்லை. மகள் ஜெயந்தியை அதே தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகன் ஜெகன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றான்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கொழும்பில் ஆளாளுக்குச் சமாதானத்துக்காக ஏதாவது செய்துகொண்டிருந்தார்கள். சிலர் கருத்தரங்கு வைத்தார்கள், சிலர் புறா வாங்கிப் பறக்கவிட்டார்கள். அசங்க என்ற சிங்கள இயக்குநர் பாட்டு எடுத்தார். ஐந்து நிமிடப் பாட்டு. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து நாட்டுக்கு நடந்த அத்தனையும் அதற்குள் வந்துவிட வேண்டும். அவர் போட்ட கணக்கில் கலவரங்களுக்கு மொத்தம் நான்கு விநாடி கிடைத்தது. அந்த நான்கு விநாடிக்காக இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர், முப்பது ஆட்களோடு கெந்தஹேனவுக்கு வந்து இறங்கினார்.

எரிப்பதற்கென்று, தொழிலாளர்களுக்கு வரிசையாக அறை கட்டிய லயங்களில் ஆள் குடியில்லாத பழைய ஒன்றைத் தோட்டத்துத் துரை காட்டினார். அசங்கவுக்குப் பிடிக்கவில்லை, அது போதிய அளவு இடிந்திருக்கவில்லை. ஆட்கள் குடியிருக்கும் ஐந்தாம் நம்பர் லயத்தைப் பார்த்ததும்தான் அவர் முகம் மலர்ந்தது. “இதில் நாங்கள் கையே வைக்க வேண்டியதில்லை, இப்படியே எடுக்கலாம்” என்றார். துரை அதைத் தன் நிர்வாகத்துக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்தாம் நம்பர் லயத்தில் மூன்றாவது காம்பரா மெட்டில்டாவுடையது. வாசலில் வயரை இழுத்துப் போட்டிருக்கிறார்களே என்று சத்தம்போட வெளியே வந்தவளை அசங்க பார்த்தார். அந்த முகத்தில் வரலாறு இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற நுஹ்மானிடம் சொன்னார். நுஹ்மான் மாவனல்லைக்காரர், நாற்பது வயது, படப்பிடிப்புக்கு ஆள், சாப்பாடு, வாகனம் எல்லாம் ஒழுங்கு செய்கிறவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் மொழிபெயர்ப்பும் அவர் தலையில்.

“அக்கா, ஒங்கட மொகம் நல்லா ஈக்கிதாம். ஒரு தரம் ஓடிக் காட்ட ஏலுமான்னு கேக்கிறாரு.”

“எங்க ஓடணும்?”

“வீட்ட எரிக்கிறாங்க. நீங்க பயந்து ஓடி வாறீங்க.”

மெட்டில்டா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். “எண்பத்தொண்ணுல ஓடுனத காட்டவா, எண்பத்து மூணுல ஓடுனத காட்டவா?” என்று நேராக அசங்கவைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள்.

அசங்கவின் முகம் சற்று வாடியது. இவ்வளவு சரளமாகச் சிங்களம் பேசும் அகதியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. பாட்டில் யாருக்கும் வசனம் கிடையாது என்று நுஹ்மான் சொன்ன பிறகே தேறினார்.

பிறகு வேஷம் போட்டார்கள். ஒப்பனைக்காரப் பெண் அவள் நெற்றியில் ரூபாய்க் குற்றி அளவில் குங்குமம் வைத்தாள். கையில் சட்டம் போட்ட முருகன் படத்தைக் கொடுத்தார்கள்.

“நாங்க வேதக்காரங்க தம்பி. மாதா படம் வீட்ல இருக்கு, அத எடுத்துட்டு ஓடுறேன்.”

நுஹ்மான் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “மாதா படத்தோட ஓடினா நீர்கொழும்புச் சிங்கள ஆக்கள்ண்டு நெனச்சிருவாங்களாம். பாக்கிறவங்களுக்கு ஒரே பார்வைல தமிழ்ண்டு வெளங்கோணுமாம்.”

பாதருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று யோசித்து, மெட்டில்டா படத்தின் முகத்தைத் தன் நெஞ்சோடு திருப்பிப் பிடித்துக்கொண்டாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எண்பத்து மூன்றில் அவள் கையில் இருந்தது பிசைந்த ரொட்டிமாத் தட்டு. லயத்தின் மேல் கோடியில் புகை எழும்பியபோது அடுப்படியில் நின்றாள். பவுல் மூன்று வயது ஜெகனைத் தூக்கிக்கொண்டார், ஜெயந்தி அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டாள், மெட்டில்டா மாத்தட்டைத் தூக்கிக்கொண்டு றப்பர் காட்டுக்குள் ஓடினாள். பிள்ளைகளுக்குப் பசிக்குமே என்பதைத் தவிர வேறொன்றும் அப்போது தோன்றவில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்துச் சீலாவதி அவர்களைத் தன் வீட்டு உரல் அறையில் இரண்டு நாள் ஒளித்துவைத்து, அந்த மாவையே ரொட்டியாகச் சுட்டுக் கொடுத்தாள். தீ வைக்க வந்தவர்களில் சீலாவதியின் மச்சானும் ஒருவன். இதையெல்லாம் மெட்டில்டா சொன்னாள். அசங்க கவனமாகக் கேட்டார். மாத்தட்டு வேண்டாம், ஆட்கள் சிரித்துவிடுவார்கள் என்றார். சீலாவதி நல்ல பாத்திரம், ஆனால் அவளுக்கு ஒரு விநாடியும் மிச்சமில்லை என்றார்.

முதல் ஓட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை.

“கத்திக்கிட்டு ஓடட்டுமாம் அக்கா. நீங்க வாயத் தொறக்கவே இல்ல.”

“கத்துனா எங்க இருக்கோம்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிறாதா? அன்னைக்கு யாரும் கத்தல தம்பி. மூச்சக்கூட மெதுவாத்தான் விட்டோம்.”

“சரிதான், ஆனா படத்துக்கு அது காணா. சத்தம் வாணாம், வாய மட்டும் தொறங்க. அழுகைய பாட்டுக்காரி பாடிருவா.”

ஐந்து தடவை வாயைத் திறந்துகொண்டு ஓடினாள். லயத்துக்கு முன்னால் தகரப் பீப்பாய்களில் டயர் எரிந்தது, பெரிய காற்றாடி ஒன்று புகையை அவள் மேல் வீசியது. நடுவில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சுற்றிப் பார்த்தால் ஓடுவதற்கு ஆள் இருக்கிறது, எரிவதற்கு வீடு இருக்கிறது; எரிக்கிறவனைக் காணவில்லை.

“யாரு எரிக்கிறது?” என்று அசங்கவிடமே கேட்டாள்.

“யாருமில்லை அம்மே. அது காலம். காலம் ஒரு காற்றுப்போல வந்து எரித்துவிட்டுப் போகிறது.”

“அன்னைக்குக் காலம் லொறியில வந்துச்சு மாத்தயா. நம்பரும் தெரியும்.”

காற்றாடிக்காரன் மட்டும் சிரித்தான். ஏழாவது ஓட்டத்தில் கல் தடுக்கி விழப்போனவள் நிஜமாகவே அலறினாள். “ஹரி! சரியாக வந்துவிட்டது!” என்று அசங்க கைதட்டினார். அதுதான் வரலாறாயிற்று. வேலைக்குப் போனதாகக் கணக்கெழுதி அவளுக்கு அன்றைய பேர் போட்டார்கள், மத்தியானச் சோற்றுப் பார்சலும் கொடுத்தார்கள். குங்குமத்தைக் கழுவ அரைச் சவர்க்காரம் போயிற்று. டயர்ப் புகையில் கரியான முன்சுவரைத் துரை வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்னார். வேறொரு படக்காரர் வந்தால் உதவும் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசிவரை அடிக்கவில்லை.

பாட்டு மூன்று மாதம் கழித்து டீவியில் வந்தது. ஜெயந்தியின் காம்பராவில் லயமே கூடிப் பார்த்தது. சுதந்திரக் கொடி, ரயில், வெள்ளம், அப்புறம் நெருப்பு, நெருப்பிலிருந்து மெட்டில்டா, உடனே தாமரைக் குளத்தில் இரண்டு குழந்தைகள். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதிலே பாதிப்பேர் அவளோடு காட்டுக்குள் ஓடியவர்கள். “அக்கா சோக்கா ஓடுறாங்க” என்றாள் ஒருத்தி, தானும் அன்று ஓடியதை மறந்து. பவுல் மட்டும் பாட்டு முடிந்ததும் எழுந்து வெளியே போய் நின்றார். மெட்டில்டாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணி “சினிமாக்காரம்மா வந்தாச்சு” என்று கிண்டலடித்தபோது, அவள் கூந்தலைச் சரிசெய்துகொண்டாள்.

சமாதானம் அதிக நாள் தாங்கவில்லை. இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பவும் பிடித்தது. சமாதானப் பாட்டுகள் நின்று வேறு பாட்டுகள் வந்தன. அவற்றில் ஒன்றை குருவிட்டச் சந்தியில் தாஸிம் நானாவின் கடையில் கருவாடு வாங்கும்போது மெட்டில்டா பார்த்தாள். எல்லைக் கிராமத்து மக்களைப் புலிகள் வெட்டுவதைப் பற்றிய பாட்டு. வீடு எரிகிறது, ஒரு சிங்களத் தாய் வாயைப் பிளந்து அலறிக்கொண்டு ஓடுகிறாள். அந்தத் தாய் மெட்டில்டா. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நெற்றிப் பொட்டை அழித்திருந்தார்கள். நெஞ்சோடு அணைத்த சட்டத்தில் இருப்பது என்ன சாமி என்று யாருக்குத் தெரியும்?

கடைக்கு வந்திருந்த சிங்கள அம்மா ஒருத்தி டீவியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். “அனே! உங்கள் ஊரையா எரித்தார்கள்?” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“ஆமா, எரிச்சாங்க” என்றாள் மெட்டில்டா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜெயந்தியின் கைத்தொலைபேசியில் நுஹ்மானைப் பிடித்துத் திட்டினாள். அவர் பாவம், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்தார். படத்துண்டுகளை எல்லாம் ஒரு கம்பனி வாங்கி அடுக்கி வைத்திருக்கிறதாம். அவளுடைய துண்டுக்கு ‘பெண், ஓட்டம், நெருப்பு’ என்று பேர் எழுதியிருக்கிறதாம். கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார்களாம்.

“யாருன்னு எழுதலியா?”

“அத எழுதினா ஒரு பாட்டுக்குத்தானே அக்கா பாவிக்க ஏலும்.”

அடுத்த வருஷம் ஜெகனுக்கு டெங்குக் காய்ச்சல் என்று செய்தி வந்து, புருஷனும் பெண்சாதியும் கொழும்பு பஸ் ஏறினார்கள். அவிசாவளைக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தித் தமிழர்களை மட்டும் இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். அடையாள அட்டையை வாங்கிய இளம் சிப்பாய் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

“அம்மே, நீங்கள் அந்தப் பாட்டில் வருகிறவர் இல்லையா? புலி ஊரை எரித்ததே?”

“நான்தான் புதா” என்றாள், மகனை அழைப்பதுபோல.

அவன் அட்டையைப் பார்த்தான். “பிறகு இதில் பேர் ஏன் தமிழிலும் எழுதியிருக்கிறது?”

“பாட்டுக்காரங்க என்னைச் சிங்களம்னாங்க. பதிவுக்காரங்க தமிழ்ன்னு எழுதியிருக்காங்க. நான் ஓடினது மட்டும்தான் புதா.”

அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் வீடிழந்த தாய்க்குரிய மரியாதையோடு அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, உட்கார நாற்காலியும் போட்டான். பவுல் எந்தப் பாட்டிலும் ஓடியிருக்கவில்லை. அவரை மட்டும் உள்ளே கொண்டுபோய்ப் பொழுது சாயும்வரை விசாரித்தார்கள். திரும்பி வந்தபோது சட்டைப் பித்தான் இரண்டைக் காணவில்லை. கொழும்புக்குப் போகாமலே எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்தார்கள்.

வழி நெடுக வாய் ஓயாமல் மெட்டில்டா சிப்பாய்களைத் திட்டினாள். இரத்தினபுரி ரோட்டில் பாதி வந்த பிறகு பவுல் சொன்னார்: “நாற்காலியில உக்காந்திருந்தியே, எழும்பி வந்து எம் பக்கத்துல நின்னிருக்கலாம்.” அவ்வளவுதான். மெட்டில்டா திட்டுவதை நிறுத்தி, தன் சீலையில் இருந்த ஊசியைக் கழற்றி, அவர் சட்டையில் பித்தான் போன இடத்தைக் குத்திவிட்டாள். அதற்குப் பிறகு பவுல் கொழும்புப் பக்கம் தலைவைக்கவில்லை. ஜெகன் பிழைத்துக்கொண்டான்; டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வந்துபோனான்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் சண்டை முடிந்தது. குருவிட்டச் சந்தியில் வெடி கொளுத்தி, கொடி கட்டி, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாக வெட்டிய பாற்சோறு கொடுத்தார்கள். பெரிய திரையில் வெற்றிப் பாட்டு. அதிலும் மெட்டில்டா இருந்தாள். இந்த முறை கலர். பொட்டும் திரும்பி வந்துவிட்டது. படத்தை இடம் வலமாக மாற்றியிருந்தார்கள். நெருப்பிலிருந்து ஓடிவந்தவள் இப்போது நேராக ஒரு சிப்பாயின் நீட்டிய கைகளை நோக்கி ஓடினாள். காப்பாற்றப்பட்டுவிட்டாள்.

பாற்சோற்றுத் தட்டோடு நின்ற பையன்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். “சாப்பிடுங்கள் அம்மே, இனிப் பயமில்லை!” ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உப்புப் போதாது என்று சொன்னாள். அன்று சந்தியில் நின்ற தமிழர்களில் குறை சொல்லத் துணிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜூலையில் நுஹ்மான் தோட்டத்துக்கே வந்தார். தலை நரைத்திருந்தது. அசங்க ஒற்றுமைப் பாட்டு ஒன்று எடுக்கிறாராம். கொழும்பில் ஒரு மைதானம், எல்லா இனத்து ஆட்களும் கைகோத்து நிற்கிறார்கள்.

“இந்த மொற ஓடத் தேவல்ல அக்கா. சிரிச்சிக்கொண்டு நிண்டாக் காணும்.”

“நிக்கிறதுக்கு என்னைய ஏன் கூப்புடுறீங்க?”

“ஒங்கட மொகம் எல்லாருக்கும் பழக்கம்தானே. ஒரு விஷயம், ஊர்ப் பொலிஸ்ல ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்க. தமிழ் ஆக்கள் கொழும்புக்கு வந்து தங்கினா கேக்கிறாங்க.”

கடிதத்துக்கு நான்கு நாள் வேலையை விட்டு அலைந்தாள். கிராம சேவகர் கையெழுத்து, துரையின் கையெழுத்து, மூன்று படம். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பொலிஸ்காரர் கேட்டார். “ஒற்றுமையா நிக்கிறதுக்கு” என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ஒற்றுமைப் பாட்டு எடுத்து முடிந்து ஆறு நாள் கழித்துக் கடிதம் கிடைத்தது.

அவள் நிற்க வேண்டிய இடத்தில் யாரையோ நிறுத்திவிட்டதாக நுஹ்மான் சொன்னார். மெட்டில்டா கடிதத்தை ஜெயந்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். மேற்படி ஆள் நன்னடத்தை உள்ளவர், எந்த இயக்கத்தோடும் தொடர்பில்லாதவர், இக்கடிதம் மூன்று மாதங்களுக்குச் செல்லுபடியாகும். இவ்வளவு அலைந்து எடுத்ததை வீணாக்குவானேன் என்று இரண்டு சீலையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பவுலையும் கூப்பிட்டாள். “உனக்குத்தானே கடுதாசி” என்றார் அவர்.

ஜெகன் இருந்த அறை மருதானையில் ஸாஹிரா என்ற அம்மாவின் வீட்டு மாடியில். ஊரிலிருந்து ஆள் வந்து தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும் என்று ஸாஹிரா கடிதத்தை வாங்கி வாசித்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்ன இது, மூணு மாசத்துக்கு மட்டுந்தான் நீங்க நல்லவங்கண்டு போட்டீக்கிது?”

“அதுக்குள்ள போயிருவேங்கம்மா” என்றாள் மெட்டில்டா.

பதினோரு நாள் இருந்தாள். மகனுக்கு ஆக்கிப்போட்டு, அவன் சட்டைகளைத் துவைத்து, ஸாஹிராவோடு இரண்டு தடவை சண்டையும் பிடித்துச் சமாதானமாகி, பவுலுக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். திங்கட்கிழமை விடியும்போது பால்வெட்ட மலையில் நின்றாள்.