ஆராய்ச்சிக்காரியின் கணவர்

ஞாயிறு மாலை ஐந்து பத்து. லாசால் என்ற நகர்ப்பகுதியில் ஒரு மண்டபத்தின் கண்ணாடிக் கதவு வழியே முதலில் கண்ணில் படுவது சுமதியின் வெறுங்கால்கள். கரீபியக் கறுப்பின மக்கள் புலம்பெயர்ந்த நகரில் ஆட்டத்தின் வழியாகத் தங்கள் அடையாளத்தை எப்படித் தக்கவைக்கிறார்கள் என்று ஆராயும் பேராசிரியர் அவர். இங்கே ஒத்திகை பார்க்கும் ஆட்டக் குழு வேடிக்கை பார்ப்பவர்களை உள்ளே விடுவதில்லை. வந்தவர் ஆட வேண்டும். ஹெய்ட்டிக்காரரான மேளக்காரர் சுமதியின் தோளைத் தொட்டுக் காலடியைத் திருத்துகிறார். சுமதி சிரிக்கிறார்.

வெளியே காரில் சாய்ந்து நிற்கிறார் கணவர் ரவி. நான் அவர்கள் வீட்டு விருந்தாளி.

"எங்கட கலியாண வீட்டில ஆடுவம் எண்டு கேட்டனான், அண்ணை. கூச்சமாயிருக்கு எண்டவ."

"இது ஆராய்ச்சிதானே?"

"ஓம், ஓம். இப்ப கறி கிண்டேக்கையும் அந்தாளின்ர தாளம்தான். நானும் வந்து ஆடட்டோ எண்டன். நான் வந்தா அவை இயல்பா இருக்கமாட்டினமாம்."

ஆறு மணிக்கு ஒத்திகை முடிகிறது. மேளக்காரரை மெட்ரோவில் இறக்கிவிட வேண்டும். அவர் பின்னால் ஏறுகிறார். ரவி மனைவிக்காக முன்கதவைத் திறந்து பிடிக்கிறார். சுமதி சுற்றிப்போய்ப் பின்பக்கம் ஏறி, மேளக்காரர் அருகில் அமர்ந்து, ஒலிப்பதிவுக் கருவியை இயக்குகிறார்.

"இஞ்சருங்கோ, றேடியோவை நிப்பாட்டுங்கோ. பதிவில விழும்."

முன் இருக்கையில் நான் ஏறிக்கொள்கிறேன்.